கணக்குப் போட்டுக் கட்டிய போர்வீரனுக்கு வேடம் பொருந்தாதா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வேளச்சேரியில் நண்பர்கள் நால்வரோடு மூன்று மாதமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதையாட்டம் விளையாடுகிறீர்கள். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகள். உங்கள் பாத்திரம் ஐந்தாம் லெவல் போர்வீரன்; வலிமை 18, இரண்டு கைகளாலும் பிடிக்கும் பெரிய வாள், அதற்கேற்ற சிறப்புத் திறன். உங்கள் முறை வந்தால் சண்டை முடிந்துவிடுகிறது. போன ஞாயிறு, ஆட்டத்தை நடத்தும் உங்கள் மாஸ்டர், "நீ பாத்திரம் உருவாக்கவில்லை, எக்செல் ஷீட் உருவாக்கியிருக்கிறாய்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். கணக்குப் போட்டுப் பாத்திரம் கட்டினால் ரோல்பிளே, அதாவது அந்த ஆளாகவே நடிப்பது, வராதா என்று கேட்கிறீர்கள். வரும், தாராளமாக வரும். ஆனால் "நான் இந்தக் குழுவைக் கெடுக்கிறேனா?" என்ற வேறொரு கேள்விதான் உங்களை உறுத்துகிறது என்று படுகிறது. அதற்கு ஒரு சொல்லில் பதில் இல்லை.

நான் பதினைந்து வருடமாக நங்கநல்லூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் நடத்திவருகிறேன். என் மேசைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் வேலை செய்பவர்கள். சிலர் கல்லூரி மாணவர்கள். இருவர் சிறு வயதில் செஸ் வகுப்புக்குப் போனவர்கள். நான் சொல்வதெல்லாம் இந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சொல்வது. உங்கள் நண்பர்கள் தரப்பை நான் கேட்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களும் இதைப் படிக்கக்கூடும். ஒருவர் கதைக்களத்தை விவரிப்பார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து "நான் கதவைத் தட்டுகிறேன்", "நான் ஓடுகிறேன்" என்பார்கள். முடிவு நிச்சயமில்லாத இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். எங்கள் வீட்டில் முதல் நான்கைந்து வாரம் பாட்டி ஊஞ்சலில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கிளம்பும் நேரத்தில் "கடைசியில் யார்தான் ஜெயித்தது?" என்று கேட்பாள். யாரும் இல்லை பாட்டி என்றால் நம்ப மாட்டாள். உங்கள் சிக்கலின் பாதி அந்தக் கேள்வியில் இருக்கிறது. ஜெயம் என்று ஒன்று இல்லாத ஆட்டத்தில், ஜெயிப்பதற்கான கருவிகளை மட்டும் விதிப்புத்தகம் நூறு பக்கத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறது.

அதற்குக் காரணம் ஆட்டத்தின் பிறப்பு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் இதை வெளியிட்டபோது இருவருமே பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்திப் போர் விளையாடியவர்கள். போர் விளையாட்டுக்காரர்களுக்குக் கணக்கு இயல்பு. ஆனால் அந்த முதல் பதிப்பில் பாத்திரத்தைக் கணக்குப் போட்டுக் கட்ட வழியே கிடையாது. வலிமை, அறிவு, விவேகம் என்று ஆறு குணங்களுக்கும் மூன்று பகடைகளை வரிசையாக உருட்ட வேண்டும்; வந்ததுதான் நீங்கள். சராசரி பத்தரை. 18 விழ 216இல் ஒரு வாய்ப்பு. தலையெழுத்து மாதிரி, கைக்கு வந்த ஆளை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது என்பதில்தான் சாமர்த்தியம். பின்னால் வந்த பதிப்புகளில் நான்கு பகடை உருட்டிச் சிறியதைத் தள்ளும் வழக்கம் வந்தது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு சிறப்புத் திறன்களையும், நினைத்தபடி தொழில்களைக் கலந்துகொள்ளும் வசதியையும் கொடுத்தது. இன்று 27 புள்ளிகளைக் கையில் கொடுத்து, நீங்களே செலவழித்துக்கொள்ளுங்கள் என்கிறது புத்தகம். கடைக்குள் அனுப்பிவிட்டு, ஏன் பேரம் பேசுகிறாய் என்று கோபித்துக்கொள்வதில் நியாயம் இல்லை. இந்த அளவுக்கு நான் உங்கள் பக்கம்.

இனி உங்கள் போர்வீரன். பலரும் எண்களைப் பார்த்துப் பயப்படுவது தேவைக்கு மேல்தான். வலிமை 16க்கும் 18க்கும் உள்ள வித்தியாசம் இருபது முகப் பகடையில் ஒரே ஒரு முகம், அதாவது நூற்றுக்கு ஐந்து. ஒரு மாலையில் இருபது தடவை வாள் வீசினால் அதில் ஒரு தடவை அது கைகொடுக்கும். பட்ட அடிகளில் ஒவ்வொரு புள்ளி கூடும். அதற்காக யாரும் சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் எடுத்திருக்கும் சிறப்புத் திறன் வேறு ரகம். தாக்குதல் எண்ணில் ஐந்தைக் குறைத்துக்கொண்டால் சேதத்தில் பத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது அது. எதிரியின் கவச எண் 15 என்று வைத்துக்கொள்வோம்; பகடையில் விழுந்ததும் உங்கள் தாக்குதல் எண்ணும் சேர்ந்து அதை எட்டினால்தான் அடி படும். சாதாரணமாக வீசினால் உங்களுக்கு நூற்றுக்கு 65 தடவை படும், பட்டால் சராசரி 11. திறனைப் பயன்படுத்தினால் 40 தடவைதான் படும், ஆனால் பட்டால் 21. ஒரு சுற்றில் இரண்டு வீச்சு என்பதால் முதல் வகையில் சுற்றுக்கு 14.3, இரண்டாவதில் 16.8. பெரிய வித்தியாசம் இல்லை. எதிரியைக் கீழே தள்ளியோ நண்பரின் உதவியாலோ, இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளும் சலுகை கிடைத்துவிட்டால் கதை மாறுகிறது. அப்போது 40 என்பது 64 ஆகும். சுற்றுக்கு ஏறக்குறைய 27 புள்ளி சேதம்.

கேடயமும் ஒற்றைக்கை வாளும் வைத்திருக்கும் ஒரு நண்பரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு வலிமை 16 என்றால், அதே சலுகையோடு அவர் சுற்றுக்குச் செய்வது 12.6. இரண்டு கணக்கிலும், பகடையில் இருபது விழுந்தால் கிடைக்கும் விசேஷ அடிகளைச் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் படம் மாறாது. அறுபது புள்ளி உயிருள்ள ஒரு பூதத்தை நீங்கள் மூன்றாவது சுற்றில் முடிப்பீர்கள், அவருக்கு ஐந்தாவது சுற்று வரை ஆகும். உங்கள் மாஸ்டர் மாட்டிக்கொண்டிருப்பது இங்கேதான். உங்களுக்குச் சவாலாக ஒரு பூதத்தை இறக்கினால் அது அவரைக் கொன்றுவிடும். அவருக்கு ஏற்றதை இறக்கினால் உங்களுக்குக் கொசு. எக்செல் ஷீட் என்று அவர் திட்டியது உங்கள் நடிப்பைப் பற்றியதாகவே இருக்காது என்பது என் ஊகம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காகச் சனிக்கிழமை இரவு கண்விழித்துத் தயார் செய்தது பத்து நிமிடத்தில் முடிந்துபோன எரிச்சல் அது. 2024இல் வந்த திருத்திய பதிப்பில் இந்தத் திறனின் ஐந்துக்குப் பத்து பேரத்தையே எடுத்துவிட்டார்கள். சேதத்தில் ஒரு சிறு கூட்டலாக மாற்றிவிட்டார்கள்.

ஆக, உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: மேசையில் மனக்கசப்பு வருவது ஒருவர் பலமாக இருப்பதால் இல்லை, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் உள்ள தூரத்தால். ஐந்து பேரும் உங்களைப்போல் கணக்குப் போட்டால் மாஸ்டர் பூதத்தைப் பெரிதாக்கிவிடுவார், யாருக்கும் புகார் இருக்காது. ஐந்து பேரும் கணக்கே போடாவிட்டாலும் அப்படித்தான்.

கணக்கும் நடிப்பும் எதிரெதிர் என்ற எண்ணத்துக்கு இணையத்தில் "ஸ்டார்ம்விண்ட் ஃபாலசி", அதாவது ஸ்டார்ம்விண்ட் தர்க்கப்பிழை, என்றே ஒரு பெயர் உண்டு. ஒருவர் பாத்திரத்தைத் திறமையாகக் கட்டுவது அவர் நடிப்பைக் குறைக்காது, மோசமாகக் கட்டுவது கூட்டவும் செய்யாது, இரண்டும் தனித்தனித் திறமைகள் என்பது அதைப் பிழை என்பவர்களின் வாதம். தர்க்கப்படி மறுக்க முடியாது. ஆனால் இதைச் சொல்லிவிட்டு "எனவே என்மேல் தவறில்லை" என்று எழுந்துபோகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு திறமைகளும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதுதான் அதில் நிரூபணமாகிறது. ஒரு மாலையில் இருப்பது நான்கு மணி நேரம், அதை ஐந்து பேர் பங்கிட வேண்டும் என்பதற்கு அதில் பதில் கிடையாது.

மார்கழிக் கச்சேரிகளின்போது சபா கேன்டீன்களில் உட்கார்ந்திருக்கிறீர்களா? அங்கே காலங்காலமாக ஒரு வழக்கு நடக்கிறது. இன்னாருடைய பாட்டில் தாளக் கணக்கு அதிகம், உணர்ச்சி பாவம் குறைவு என்பார் ஒருவர். கணக்கு இல்லாமல் கல்பனாஸ்வரம் எப்படி நிற்கும் என்பார் இன்னொருவர், ரவா தோசையைப் பிய்த்தபடி. கணக்குப் போட்டுக் கோத்த கோர்வை, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் சரியாக வந்து விழும்போது தலையாட்டாதவர்கள் உண்டா? கணக்கே அங்கே பாவமாகிவிடுகிறது. அதே கூட்டம்தான் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்துபோகிறது. மிருதங்கக்காரர் என்ன தவறு செய்தார் என்று நான் அவருக்காக வாதாடுவேன். ஆனாலும் நாற்காலிகள் காலியாவது உண்மை. உங்கள் முறை வரும்போது நீங்கள் ஐந்து நிமிடம் எண்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தால் மற்ற நால்வரும் கைப்பேசியை எடுக்கிறார்களா என்று அடுத்த ஞாயிறு கவனியுங்கள். எடுத்தால், அதுதான் உங்கள் கேன்டீன்.

செஸ் வகுப்புக்குப் போன இருவர் என்றேனே, அதில் ஒருவன் முதல் நாள் கொண்டுவந்த பாத்திரம் எனக்கு மறக்காது. கடவுளுக்குச் சத்தியம் செய்துகொடுத்த வீரனான பாலடின். அதில் ஒரே ஒரு லெவல் மட்டும் வார்லாக். வார்லாக்கின் ஒரு பிரிவை எடுத்தால் வாள்வீச்சுக்கும் வசீகர எண்ணையே பயன்படுத்தலாம். பாலடினின் மந்திரங்களும் அதே எண்ணில்தான். ஒரு குணத்தை உயர்த்தினால் இரண்டு வேலை நடக்கும். பார்த்ததும் எனக்கு எரிச்சல். மறுக்கலாம் என்று வாயெடுத்தவன், ஏனோ அவன் தாளைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "தம்பி, வார்லாக் என்றால் ஏதோ ஒரு சக்தியோடு ஒப்பந்தம் போட்டவன். உன் ஆள் கடவுளுக்குச் சத்தியம் கொடுத்திருக்கிறான். இது அந்தக் கடவுளுக்குத் தெரியுமா?" அவன் விழித்தான். புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் எண்களைத்தான் படித்திருந்தான், கதையைப் படிக்கவில்லை.

அடுத்த வாரம் ரூல்டு நோட்டுத் தாள் ஒன்றில் பென்சிலால் எழுதிக்கொண்டுவந்தான். பஞ்ச காலத்தில் தங்கையின் உயிருக்காக ஒப்பந்தம் போட்டது, அதற்குப் பிராயச்சித்தமாகத்தான் கோயிலில் சேர்ந்தது, வாளை உருவும்போதெல்லாம் எந்த எஜமானரின் பலத்தில் வீசுகிறோம் என்று அவனுக்கே தெரியாதது. அதன்பின் எட்டு மாதம் அந்த மேசையின் கதையே அவனைச் சுற்றி ஓடியது. தங்கையைத் திருப்பிக் கேட்க அந்தச் சக்தி வந்த இரவில், சுற்றுக்கு இத்தனை புள்ளி என்று மூன்று இலக்கத்தில் பெருக்கத் தெரிந்த அந்தப் பையன் வாளைக் கீழே வைத்தான். பகடையை யாரும் உருட்டவில்லை. நான் கணக்கை மறுத்திருந்தால் அந்தக் கதை பிறந்தே இருக்காது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. "எனக்குக் கதைதான் முக்கியம்" என்று அறிவு 8 வைத்த மந்திரவாதியோடு ஒருவர் வந்தார். மந்திரவாதிக்கு அறிவுதான் எல்லாம். அவர் ஏவியதில் பாதியை எதிரிகள் சுலபமாகத் தட்டிவிட்டார்கள். முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தோம். மூன்றாம் நாள் அவரைக் காப்பாற்றப் போன தோழர் செத்தார், மந்திரவாதி வசனம் பேசிக்கொண்டிருந்தார். இன்னொருவர் கூட்டாளிகளின் பையிலிருந்தே திருடுவார். கேட்டால் "என் பாத்திரத்தின் சுபாவம் அது" என்பார். சுபாவத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? உங்களைக் குறை சொல்பவர்கள் இவர்களை எளிதில் மன்னித்துவிடுகிறார்கள். மேசையின் நேரத்தை எண்ணால் தின்றாலும் வசனத்தால் தின்றாலும் மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

கணக்குப் போடுபவர்களைத் திட்டித் திருத்தலாம் என்ற நம்பிக்கை எனக்கு ஆரம்பத்திலேயே போய்விட்டது. இருபது முகப் பகடை கைக்குக் கிடைக்காத காலத்தில் ஒன்று முதல் இருபது வரை எழுதிய சீட்டுகளை எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுப்போம். எடுத்த சீட்டைச் சோம்பேறித்தனத்தால் திரும்பப் போடாமல் மேசையிலேயே வைத்துவிடுவோம். இருபதும் தீர்ந்ததும் மொத்தமாகத் திரும்பப் போடுவோம். மூன்றாவது வாரம் ஒன்று கவனித்தேன். ஒருவன் மட்டும் ஆரம்பத்தில் எதையும் முயல மாட்டான், "நீ பூட்டைத் திற, நீ சுவரேறு" என்று மற்றவர்களை ஏவுவான். சிறிய எண்கள் வெளியே வந்துவிட்டன என்று தெரிந்ததும் தானே முன்னால் வந்து டிராகனோடு மோதுவான். மேசையில் கிடந்த சீட்டுகளை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறான். அவனிடம் நான் எதுவும் பேசவில்லை. எடுத்த சீட்டை உடனே டம்ளரில் போட வேண்டும் என்று ஒரு விதி போட்டேன், முடிந்தது.

விதி எதற்குக் கூலி கொடுக்கிறதோ அதைத்தான் ஆட்டக்காரர் செய்வார். பழைய பதிப்புகளில், லெவல் ஏறத் தேவையான அனுபவப் புள்ளிகளில் பெரும்பகுதி, மீட்டுக்கொண்டுவந்த பொற்காசுக்குத்தான். அதனால் புத்திசாலிகள் பூதங்களைச் சுற்றிக்கொண்டு ஓடிப் பெட்டியைத் தூக்கிவந்தார்கள். கொன்றால் புள்ளி என்று ஆக்கினால் கொல்வார்கள். 1986இல் வந்த கர்ப்ஸ் (GURPS) என்ற இன்னொரு ஆட்டத்தில் உங்கள் பாத்திரத்துக்குக் குறை வைத்தால் புள்ளி கிடைக்கும். அதில் கெட்டிக்காரர்கள் ஒற்றைக்கண், பழிவாங்கக் காத்திருக்கும் எதிரி என்று குறைகளை விற்றுப் பலம் வாங்குவார்கள். அங்கே கணக்கு போடுவதே குணச்சித்திரம் தீட்டுவதாகிவிடுகிறது. தீட்டியதை ஆட்டத்தில் மறந்துவிடுவார்கள் என்பது தனிக் கதை.

விதிகள் கனமான ஆட்டத்தில் நடிப்பு குறையும், இலேசான ஆட்டத்தில் கூடும் என்று பலர் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. என் மேசையில் இரண்டும் நடந்திருக்கிறது. விதிகள் குறைவான ஆட்டத்தில் கூச்ச சுபாவிகள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்ததையும், தாளில் பிடித்துக்கொள்ள நான்கு எண்கள் இருந்ததால் அவர்களே துணிந்து பேசியதையும் பார்த்திருக்கிறேன். ஆட்டத்தைவிட ஆட்களைப் பொறுத்தது என்று தோன்றுகிறது. இதை என் அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியில் வலிமை 18 என்று இருக்கிறது, வாளின் வகை இருக்கிறது, கவச எண் இருக்கிறது. அந்தப் போர்வீரனின் பெயர் எங்கும் இல்லை. அவன் எந்த ஊர், யாரிடம் வாள் கற்றான், யாரைப் பார்த்தால் பயப்படுவான், எதுவும் இல்லை. குற்றம் சாட்டவில்லை, மாஸ்டரின் எக்செல் ஷீட் வார்த்தையில் உண்மை இருக்கும் ஓர் இடம் இது என்பதால் சொல்கிறேன். தீட்சை பெற்ற நடிகராக வேண்டாம். ஒரே வீச்சில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பவன் எப்படிப்பட்டவன் என்று அந்தச் சிறப்புத் திறனிலிருந்தே தொடங்குங்கள். ஐந்தில் மூன்று வீச்சு தவறும் என்று தெரிந்தும் முழு பலத்தையும் போட்டு வீசுகிறவன் பொறுமைசாலியாக இருக்க முடியுமா? நீண்ட சண்டையில் முன்பு யாரையோ இழந்தவனாக இருக்கலாம். எண் ஏற்கெனவே அவன் குணத்தைச் சொல்லிவிட்டது; நீங்கள் இன்னும் காதுகொடுக்கவில்லை.

மாஸ்டரிடம் தனியாகப் பேசுங்கள், மேசையில் வேண்டாம். அவர் எல்லார் முன்னாலும் பேசியது தவறு என்றாலும் அதே தவறை நீங்கள் செய்யத் தேவையில்லை. "உனக்குத் தயாரிப்பதில் என் ஆளால் சிரமம் இருக்கிறதா?" என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். ஆம் என்றால் மூன்று வழி சொல்லலாம். 2024 பதிப்பின் திறனை மட்டும் எடுத்துக்கொண்டு பழையதை விடுவது ஒன்று. உங்கள் இழப்பு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. வெட்டினால் தீராத சிக்கல்களை அவர் கொண்டுவருவது இன்னொன்று. நதிக்கரையில் வரி கேட்கும் அதிகாரி, சாட்சி சொல்லப் பயப்படும் விதவை இவர்களிடம் பெரிய வாள் செல்லாது. மூன்றாவது வழி உங்கள் கையில் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். கேடயக்கார நண்பரை உட்காரவைத்து, அவர் பாத்திரத்தை அவருக்குப் பிடித்த திசையில் இன்னும் நன்றாகக் கட்டிக்கொடுங்கள். அவர் ஆசை என்ன என்று முதலில் கேளுங்கள்; காவலனாக இருக்க விரும்பினால் உங்கள் கணக்கையெல்லாம் காவலுக்குப் போடுங்கள். அவர் எதிரியைக் கீழே தள்ளிப் பிடிக்கட்டும், நீங்கள் வீசுங்கள். அந்த 64 சதவிகிதத்தில் இருபத்துநான்கு அவர் கொடுத்தது என்பதை மேசையில் உரக்கச் சொல்லுங்கள். அவருக்கு விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்; சிலருக்குத் தங்கள் தாளை இன்னொருவர் தொடுவதே பிடிக்காது.